நான்கடி உயரத் தாயின் பேறுகாலம்

(அறக்கட்டளையின் மகளிர் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இந்தக் கூட்டத்தில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசுங்கள், ரத்தக்கொதிப்பைப் பற்றிப் பேசுங்கள், எல்லா வீட்டிலும் இருப்பது அதுதானே என்று பலரும் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் நிர்வாகக் குழுவில் கலந்து பேசி நாங்கள் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டோம். உயரம் மிகக் குறைந்த பெண்களின் கர்ப்பமும் பிரசவமும் என்பதுதான் அது. நம் மஹல்லாவில் அப்படிப்பட்ட பெண்களை எண்ணினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். பேச வேண்டியிருப்பதும் அதனால்தான். ஊரெல்லாம் இருக்கும் நோயைப் பற்றிச் சொல்ல டாக்டர், நர்ஸ், பத்திரிகை, டி.வி. என்று எத்தனையோ வழி உண்டு. நாலைந்து பேருக்கு மட்டும் வரும் சிக்கலை அந்த நாலைந்து வீட்டுக்கு வெளியே யாரும் பேசுவதில்லை. அந்த வீடுகளிலும் பாதி பேச்சு அழுகையில் முடிந்துவிடுகிறது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தெருவில் நாம் கூப்பிடும் பெயர்கள் நமக்குத் தெரியும். மதரஸாவுக்குப் போகும் சிறு பிள்ளைகூட அதைச் சொல்லிச் சிரிக்கிறது. பிள்ளை எங்கே கற்றது என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வளர்ந்த பின்னும் 4 அடி 10 அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் கீழ் உயரம் நிற்கும்படி ஆக்கும் மருத்துவ நிலையை அல்லது மரபு நிலையைக் குள்ளத்தன்மை என்று கணக்கிட்டு, உடல் இயக்கக் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சட்டத்துக்கு ஒரு சொல் வேண்டும், அது இருக்கட்டும். நாம் பேசும்போது அவர்களுக்கு உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் இருக்கிறதே, அது போதும்.

உயரம் குறைவதற்குக் காரணங்கள் பல. எலும்பு வளர்ச்சிக் குறைபாடுகளில் மட்டும் 400க்கும் மேற்பட்ட வகைகளை மருத்துவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் நாம் அதிகம் காண்பது அகோண்ட்ரோபிளேசியா. உடம்பு ஏறக்குறைய வழக்கமான அளவில் இருக்கும். கை கால்கள், குறிப்பாகத் தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலும், இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையிலும் குட்டையாக இருக்கும். தலை சற்றுப் பெரியதாக, நெற்றி முன்தள்ளி இருக்கும். அறிவில் எந்தக் குறையும் இல்லை. இந்த வகைப் பெண்களின் சராசரி உயரம் 4 அடி 1 அங்குலம் அளவில் இருக்கும். எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற ஒரு மரபணுவில் ஏற்படும் ஒரேயொரு மாற்றம்தான் காரணம் என்பதை 1994இல் கண்டுபிடித்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரின் பெற்றோர் இருவருமே சாதாரண உயரம் உள்ளவர்கள். பரம்பரையில் யாருக்கும் இல்லாமல் புதிதாக ஏற்படும் மாற்றம் அது. அப்படிப் புதிதாக ஏற்படும் மாற்றம் அநேகமாக எப்போதும் தந்தையின் விந்தணுவில்தான் நேர்கிறது என்பதையும், தந்தையின் வயது கூடக்கூட அதற்கான வாய்ப்பு கூடுகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாய்மார்களுக்குப் பதிலாகத் தகப்பன்மார்களைத் திட்டத் தொடங்குங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. யார் செய்த தவறும் அல்ல அது. ஆனால், "கிரகணத்தில் வெளியே போனாள், அதான்" என்றும், "அவள் வயிறு சரியில்லை" என்றும் இன்றைக்கும் சில வீடுகளில் மருமகளைக் குத்திக்காட்டுகிறார்களே, அதற்கு ஒரு அடிப்படையும் இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

சொந்தத்தில் நிக்காஹ் செய்ததால்தான் என்பார்கள் சிலர். அகோண்ட்ரோபிளேசியாவுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. ஆனால் வேறு சில வகைக் குறைபாடுகள், தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் மரபணு ஒன்றுசேரும்போதுதான் பிள்ளையிடம் வெளிப்படும். அந்த வகைகளில் சொந்தத் திருமணம் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆகவே எந்த வகை என்று தெரியாமல் எதையும் சொல்லக்கூடாது. முப்பது வயது ஆகியும் தன் உடம்புக்கு என்ன பெயர் என்று யாரும் பரிசோதித்துச் சொல்லாத சகோதரிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனை செய்யலாம். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கென மரபியல் பிரிவே இருக்கிறது. திருமணப் பேச்சு தொடங்கும் முன்பே இதைச் செய்துகொள்வது நல்லது.

திருமணம் என்றதும் இன்னொன்று. இந்தப் பெண்களுக்கு நம் தரகர்கள் கொண்டுவரும் வரன்கள் இரண்டே வகை. ஒன்று, மனைவியை இழந்து நான்கு பிள்ளைகளோடு நிற்பவர். மற்றொன்று, இவளைப் போலவே உயரம் குறைந்த மாப்பிள்ளை, 'ஜோடிப் பொருத்தம்' என்று. இரண்டாவதில் ஒரு மருத்துவ உண்மை உண்டு. இருவருக்கும் அகோண்ட்ரோபிளேசியா இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு சாதாரண உயரப் பிள்ளைக்கு, நான்கில் இரண்டு பங்கு பெற்றோரைப் போன்ற பிள்ளைக்கு. மீதி ஒரு பங்கில் இரட்டை மரபணு பெற்ற பிள்ளை வயிற்றிலேயோ, பிறந்த சில நாட்களிலேயோ மூச்சுவிட முடியாமல் இறந்துவிடும். அப்படிப்பட்ட திருமணம் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. இதை அறிந்து முடிவு செய்ய அவர்கள் இருவருக்கும் உரிமை உண்டு. ஒருவருக்கு மட்டும் இருந்தால், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி.

இனி கர்ப்பத்துக்கு வருவோம்.

அகோண்ட்ரோபிளேசியா உள்ள பெண் கருத்தரிக்க மாட்டாள் என்பது பொய். பெரும்பாலும் மற்றப் பெண்களைப் போலவே கருத்தரிக்கிறார்கள். (பிட்யூட்டரி சுரப்பிக் குறைவால் உயரம் குறைந்தவர்களில் சிலருக்கு மட்டும் கருத்தரிக்கச் சிகிச்சை தேவைப்படலாம்.) சிக்கல் இருப்பது இடுப்பெலும்பில்தான். பிள்ளை இறங்கி வர வேண்டிய எலும்புப் பாதை குறுகலாகவும் முன்பின்னாகத் தட்டையாகவும் இருக்கிறது. பிள்ளைக்கும் அதே நிலை இருந்தால் தலை இன்னும் பெரிதாக இருக்கும். ஆகவே அகோண்ட்ரோபிளேசியா உள்ள தாய்க்கு சிசேரியன்தான் வழி. 'சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்து பார்ப்போம், நம் வீட்டில் யாருக்கும் ஆபரேஷன் கிடையாது' என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. தேவையில்லாத சிசேரியன்களைப் பற்றி நாமே இந்த மேடையில் பேசியிருக்கிறோம். இது அந்தக் கணக்கில் வராது.

இந்த அறுவைச் சிகிச்சையின் வரலாற்றிலேயே உயரம் குறைந்த தாய் ஒருவருக்கு இடம் உண்டு. 1888 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கேத்தரின் கொல்குஹூன் என்ற 27 வயதுப் பெண்ணுக்கு மர்டாக் கேமரன் என்ற மருத்துவர் சிசேரியன் செய்தார். கிருமி நீக்கும் முறைகளைக் கடைப்பிடித்துச் செய்யப்பட்ட ஆரம்பகால சிசேரியன்களில் புகழ்பெற்றது அது. கேத்தரினுக்கு இருந்தது மரபணுக் குறைபாடு அல்ல, ரிக்கெட்ஸ். ஆலைப் புகை மூடிய, வெயில் எட்டாத சந்துகளில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகளின் எலும்பு வளைந்து வளர்ச்சி குன்றிய காலம். அப்படி இடுப்பெலும்பு நெளிந்த தாய்மார்களுக்கு நாள்கணக்கில் வலி எடுத்தும் பிள்ளை வராது. தாயைக் காப்பாற்ற, வயிற்றில் இருக்கும் பிள்ளையைச் சிதைத்து எடுப்பதுதான் அன்றைய வழக்கம். கேத்தரினும் பிழைத்தார், பிள்ளையும் பிழைத்தது. பிள்ளைக்குச் சீசர் கேமரன் என்று பெயர் வைத்தார்கள். 1888இல் முடிந்தது, இன்று முடியாதா?

முடியும். ஆனால் திட்டமிட்டால்தான் முடியும். கத்தி பிடிக்கும் மருத்துவரைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறோம், மயக்க மருந்து கொடுப்பவரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. இந்தத் தாய்மார்களுக்கு அவர்தான் முதலில் பார்க்க வேண்டியவர். காரணம் முதுகுத்தண்டு. இவர்களுக்கு முதுகெலும்புக்குள் நரம்பு செல்லும் வழி குறுகலாக இருக்கும். வளைவும் இருக்கலாம். சாதாரணமாக சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியை இவர்களுக்குப் போடுவது கடினம். போட்டாலும் மருந்து எவ்வளவு உயரம் பரவும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம், வழக்கமான அளவு அதிகமாகிவிடலாம். அப்படியானால் முழு மயக்கம் கொடுத்துவிடலாமே என்றால், அதிலும் சிக்கல் உண்டு. தொண்டைக்குள் குழாய் செலுத்துவது சிரமமாகலாம். மண்டையோட்டின் அடியில் மூளைத்தண்டு இறங்கும் துவாரம் குறுகியிருப்பதால் கழுத்தைப் பின்னுக்கு அதிகம் வளைக்கக் கூடாது. எந்த முறை யாருக்கு என்பதை அந்தத் தாயின் முதுகையும் கழுத்தையும் பார்த்த பிறகே முடிவு செய்ய முடியும். வலி எடுத்து, நள்ளிரவில், முன்பின் பார்த்திராத மயக்க மருந்து மருத்துவர் பதினைந்து நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டிய விஷயமா இது? ஐந்தாம் மாதத்துக்குள் அவரிடம் காட்டி, தேவையானால் எம்.ஆர்.ஐ. எடுத்து, கேஸ் ஷீட்டில் எழுதி வைத்துவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் ஒரு சகோதரிக்கு நடந்ததை உங்களில் சிலர் அறிவீர்கள். ஒன்பதாம் மாதம் வரை ஒரே இடத்தில் காட்டி வந்தார்கள். வலி வந்த இரவில் அங்கே, "எங்களால் மயக்க மருந்து கொடுக்க முடியாது" என்றார்கள். இரண்டாவது இடத்திலும் அதே பதில். மூன்றாவது இடத்தை அடைந்தபோது விடிந்துவிட்டது. தாய் பிழைத்தார். பிள்ளையை நாங்கள்தான் கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோனோம். முடியாது என்று சொன்னதைக் குறை கூறவில்லை, முடியாததை முடியாது என்று சொல்வதுதான் நேர்மை. ஐந்தாம் மாதத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

மூச்சு விஷயமும் இருக்கிறது. பிள்ளை ஏறத்தாழ வழக்கமான எடைக்கு வளர்கிறது, ஆனால் அது வளர வயிற்றில் இடம் குறைவு. நுரையீரலுக்கு இருக்கும் இடமும் சிறியது. ஏழு மாதம் தாண்டினால் மேல்மூச்சு வாங்கும், மல்லாந்து படுக்க முடியாது. ஒருக்களித்து, தலையணை அணைத்துப் படுக்க வேண்டும். மூச்சுத்திணறல் கூடினால், காத்திருக்காமல் மருத்துவர் முன்கூட்டியே அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்க நேரும். இல்லையென்றால் பெரும்பாலும் 38, 39 வாரங்களில், வலி எடுக்கும் முன்பே நாள் குறிப்பார்கள். முதுகுவலி எல்லாக் கர்ப்பிணிக்கும் உண்டு. ஆனால் காலில் மரத்துப்போதல், நடக்கையில் கால் தளர்தல், சிறுநீர் கட்டுப்படாமல் போதல் இவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும். நரம்பு நசுங்குவதன் அடையாளம் அது.

இன்னும் சிறு விஷயங்கள் உண்டு. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை இவர்களின் குட்டையான மேல்கைக்குப் பொருந்தாது. பொருந்தாத பட்டை தப்பான கணக்குக் காட்டும். 'சின்ன பட்டை வைத்துப் பாருங்கள் சிஸ்டர்' என்று நாமே சொல்லலாம், தப்பில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் பிள்ளையின் கை கால் எலும்புகள் சரியாக இருப்பதாகச் சொன்னால் அதோடு முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. அகோண்ட்ரோபிளேசியாவில் எலும்புக் குறுக்கம் பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பிறகே ஸ்கேனில் தெரியத் தொடங்கும்.

இப்போது நம் மஹல்லாவின் ஒரு சகோதரியைப் பற்றி, அவருடைய அனுமதியோடு. மூன்றாம் மாதத்தில் அவரும் கணவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். உயரம் நான்கடிக்கு ஒரு விரல் கூடுதல். கணவர் சாதாரண உயரம், ஆட்டோ ஓட்டுகிறார். சொந்தக்காரர்கள் 'கலைத்துவிடு, உயிருக்கு ஆபத்து, பிள்ளையும் உன்னைப் போலவே பிறக்கும்' என்று நெருக்கினார்களாம். அவர் எங்களிடம் கேட்டது பணமல்ல. "நான் பெத்துக்கலாமா கூடாதான்னு ஒரு நல்ல டாக்டர் வாயால சொல்லக் கேட்கணும்" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் ஏற்கெனவே அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். கூடுதல் கவனிப்பு தேவைப்படும் கர்ப்பம் என்பதற்கான அடையாளம் அது. மாதாமாதம் 9ஆம் தேதி அரசு நிலையங்களில் நடக்கும் கர்ப்பிணிகள் முகாமில் மருத்துவரிடம் காட்டி, அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதி வாங்கினோம். மகப்பேறு மருத்துவர் சொன்னார்: "ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காக வந்தால் சமாளிக்கலாம்." அந்தச் சகோதரிக்கு அது போதுமாக இருந்தது.

மயக்க மருந்து மருத்துவர் ஆண். முதுகைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றதும் மாமியார் மறுத்துவிட்டார். நம் வீடுகளில் இது புதிதல்ல, ஆகவே ஒளிக்காமல் பேசுகிறோம். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் காட்டுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். கிடைக்காதபோது, உயிர் சம்பந்தப்பட்ட தேவைக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை. இமாம் ஹஜ்ரத் அவர்களே அந்த வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார்கள். மாமியார் இப்போது தாமே மருமகளை அழைத்துக்கொண்டு போகிறார். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், எங்களை முறைத்துக்கொண்டு. (சிரிப்பு)

கலைக்கச் சொல்லி நெருக்கும் உறவினர்களுக்கு ஒரு செய்தி. மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதமின்றி அவரது கர்ப்பத்தைக் கலைக்கச் செய்வது, அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்கள் விஷயத்தில் மட்டும், மருத்துவரின் கருத்தோடும் பாதுகாவலரின் சம்மதத்தோடும் விதிவிலக்கு உண்டு. தெளிந்த அறிவோடு தன் பிள்ளையைத் தானே முடிவு செய்யும் பெண்ணுக்கு மாமனும் மச்சானும் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். சம்மதமில்லாமல் கருத்தடை அறுவை செய்வதையும் 10ஆம் பிரிவு தடுக்கிறது. சிசேரியனின்போது 'அப்படியே ஆபரேஷனும் பண்ணிடுங்க' என்று கணவர் வீட்டார் வெளியே நின்று கையெழுத்துப் போடுவது நடக்கிறது. கேட்க வேண்டியது அவளிடம்.

உதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்காதவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், படிவம் நிரப்ப நம் அலுவலகப் பிள்ளைகள் உதவுவார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி இவர்களுக்கும் உண்டு. அதற்குக் கர்ப்பத்தைத் தொடக்கத்திலேயே பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். ரமலானில் நோன்பு பற்றிக் கேட்கிறார்கள். கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவருக்கும் உள்ள சலுகையை ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூச்சு வாங்கும் மாதத்தில் வீராப்பு வேண்டாம்.

பிள்ளை பிறந்த பிறகு நம் வழக்கங்களில் சிலவற்றை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். பிள்ளைக்கும் அகோண்ட்ரோபிளேசியா இருந்தால் தலை கனமாகவும் கழுத்து தளர்வாகவும் இருக்கும். குளிப்பாட்டும் பாட்டிமார் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, கழுத்தை நீவி உருட்டுவது, இதெல்லாம் அறவே கூடாது. தூளியில் நெடுநேரம் போடுவதும் வேண்டாம், முதுகு வில்லாக வளையும். உறுதியான சமதளத்தில் படுக்க வையுங்கள். தலையணையை முட்டுக்கொடுத்துச் சீக்கிரம் உட்கார வைக்காதீர்கள். தானாக உட்காரும் பலம் வரட்டும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ, குறட்டை பலமாக இருந்தாலோ உடனே காட்டுங்கள். உயரம் கூட்டும் பவுடர், லேகியம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

தாய்க்கு வேண்டியவை சாதாரணமானவை. கட்டில் கால்களை அறுத்துத் தாழ்வாக்கினால் தையல் போட்ட வயிற்றோடு ஏறி இறங்கச் சிரமப்பட மாட்டார். அடுப்படியில் ஒரு பலகைப் படி. பிள்ளையை ஏந்திப் பால் கொடுக்க, கை எட்டாத குறைக்கு மடியில் ஒரு கனத்த தலையணை. நம் தச்சர் காக்கா ஒருவர் கட்டிலையும் படியையும் கூலியில்லாமல் செய்து கொடுத்துவிட்டார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக.

அந்தச் சகோதரிக்கு இப்போது எட்டாம் மாதம். 38ஆம் வாரத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அவருடைய ரத்தம் ஓ நெகட்டிவ். அதே வகை ரத்தமுள்ள மூன்று பேர் அந்த வாரம் ஊரில் இருக்க வேண்டும் என்று ரத்த வங்கியில் கேட்டிருக்கிறார்கள். இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஒருவர் வேண்டும். இரவில் அவசரம் வந்தால் 108 வருவதற்குள் கிளம்ப, மருத்துவக் கல்லூரி வழி தெரிந்த ஓட்டுநரும் காரும் ஒன்று வேண்டும். அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். இஷா வரை நாங்கள் அங்கேதான் இருப்போம்.

வஸ்ஸலாம்.